பெயருக்கும் பூவுக்கும் நடுவே

கள்ளக்குறிச்சியைத் தாண்டிக் கரும்பு வயல்கள் தொடங்கும் இடத்தில் கச்சிராயபாளையம் டவுன் பஸ் எங்களைக் கடந்து போனது. அப்பா கையைக்கூடக் காட்டவில்லை. கண்டக்டர் எங்களுக்குத் தெரிந்தவர். படியில் நின்றபடியே, "இன்னாங்க, நடந்து போய்க்கினு இருக்கீங்க?" என்று கேட்டார். "சும்மா, காத்தாட" என்றார் அப்பா. ஆனி மாதத்து உச்சி வெயிலில் காற்று வாங்கப் போகிற ஆளை அந்தக் கண்டக்டர் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார். பஸ் கிளப்பிய புழுதி அடங்கும்வரை ஒரு புளிய மரத்தடியில் நின்றுவிட்டு மறுபடி நடந்தோம்.

பஸ்ஸுக்கு வைத்திருந்த காசு அப்பாவின் மஞ்சள் பைக்குள் ஒரு எவர்சில்வர் டம்ளராக மாறியிருந்தது. நாளிதழில் சுற்றியிருந்த அந்த டம்ளர் என்னுடைய மதிப்பெண் சான்றிதழோடு கிடந்து, அப்பா எட்டு வைக்கும்போதெல்லாம் அவர் முழங்காலில் இடித்தது. அவர் பையைக் கை மாற்றிக்கொண்டாரே தவிர என்னிடம் தரவில்லை. எதிரே கல்வராயன் மலை நீலமாகக் கிடந்தது. மலை கிட்டே வந்தால் ஊர் வந்துவிட்டதென்று கணக்கு. அன்றைக்கு அது வருவதாகவே தெரியவில்லை.

பிற்பாடு நான் நடந்த தூரங்களை வைத்துப் பார்த்தால் அது ஒன்றுமே இல்லை. ஆனால் அந்த நடையில் எனக்கு ஒரே ஒரு யோசனைதான் இருந்தது: அப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டது. கல்லூரிக்கு உதவித்தொகை கிடையாது என்று சொல்லி அனுப்பப்பட்ட மனுஷன் பஸ் காசுக்கு ஏன் டம்ளர் வாங்குகிறான்?

அந்த வருஷம் நான் பிளஸ் டூ தேறியிருந்தேன். எங்கள் தெருவில் தேறிய இரண்டாவது ஆள். அரசுக் கல்லூரியில் இடமும் கிடைத்துவிட்டது. விடுதிக்குக் கட்டத்தான் வழியில்லை. அப்பா கரும்பு வெட்டுகிறவர். வெட்டு இல்லாத மாதங்களில் மலைக்குப் போய் மரவள்ளிக் கிழங்கு பிடுங்குவார், புளி உலுக்குவார். அம்மா களை எடுப்பாள். சாப்பாட்டுக்கு வரும், அதற்கு மேல் வராது. இதில் வருத்தப்பட எதுவும் இருப்பதாக அப்போது எங்களுக்குத் தோன்றியதில்லை. தெரு முழுக்க அப்படித்தான் இருந்தது.

கள்ளக்குறிச்சிக் கடைவீதிக்காரர்கள் சேர்ந்து ஓர் அறக்கட்டளை நடத்தினார்கள். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளில் சிலரை வருஷா வருஷம் பொறுக்கி எடுத்துக் கல்லூரிச் செலவு முழுவதையும் ஏற்பார்கள். பள்ளிக்கூடத்து வாத்தியார் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார். சில நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டைப் பார்க்க வருவார்கள் என்று சொல்லி அனுப்பினார்.

செய்தி வந்த நேரம் மாமா வீட்டில் இருந்தார். அம்மாவின் தம்பி. எங்கள் தெருவில் எந்தக் கல்யாணப் பேச்சும் அவர் இல்லாமல் நடக்காது. எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசுவதற்கு முன்னால் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டை வந்து பார்ப்பார்கள். அப்படி ஒரு வீட்டைப் பார்க்க ஆள் வருகிறதென்றால் தெருவே சேர்ந்து அந்த வீட்டை நிரப்பும். ஒருவர் கட்டில் கொடுப்பார், ஒருவர் நாற்காலி கொடுப்பார். ஒரு வீட்டு அண்டா எத்தனையோ மாப்பிள்ளைகளின் வீட்டில் இருந்திருக்கிறது. நாளைக்கு நம் வீட்டைப் பார்க்கவும் ஆள் வருமே என்று யாரும் இல்லையென்று சொல்லமாட்டார்கள். இதற்கெல்லாம் தளபதி மாமாதான்.

அம்மாவுக்கு மட்டும் ஒரு சந்தேகம் வந்தது. "அவங்க இல்லாதவங்களத்தானடா தேடிக்கினு வராங்க? இருக்குற மாரி காட்டுனா எப்பிடிக் குடுப்பாங்க?"

மாமா சிரித்தார். "அக்கா, நீ பேங்க் பக்கம் போனதே இல்ல, அதான் பேசற. நெலம் வச்சிருக்குறவனுக்கு லோன் குடுக்குறான். நான் போய் நின்னா இன்னா சொன்னான்? ஒண்ணுமில்லாதவனுக்கு எத்த நம்பிக் குடுக்குறதுன்னான். இல்லாதவனுக்குக் குடுத்த ஊரு எங்க இருக்குது, சொல்லு."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா, "வூடு தேடி வரவங்களத் தரையில உக்கார வக்கிறதா?" என்றார். அத்தோடு பேச்சு முடிந்தது.

எங்களுடையது அரசாங்கம் கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடு. சனிக்கிழமை அதற்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். ஞாயிறு காலையில் சாமான்கள் வரத் தொடங்கின. நாற்காலிகள், ஒரு மர பீரோ, மேஜை விசிறி, கறுப்பு வெள்ளை டிவி. ஆன்டெனா, டிவி கொடுத்தவர் வீட்டுக் கூரையிலேயே இருந்ததால் டிவியில் படம் வரவில்லை, இரைச்சல் மட்டும் வந்தது. மாமா அதை நிறுத்திவிட்டு மேலே ஒரு பூப்போட்ட துணியை விரித்தார். வாசலில் ஒரு கறவை மாட்டைக் கொண்டுவந்து கட்டினார்கள். அம்மாவுக்கு ஒரு பட்டுச் சேலை வந்தது. அதைக் கட்டிக்கொண்டு அவளால் அடுப்புப் பக்கம் போக முடியவில்லை. சுவரோரம் நின்றுகொண்டே இருந்தாள்.

எங்களிடம் இருந்தது ஒரு ஈயச் சொம்பும் ரெண்டு நசுங்கின அலுமினிய டம்ளரும். அதனால் டம்ளர்கள் நாலு வீட்டிலிருந்து வந்தன. கடைசியாகக் கோடி வீட்டு அத்தை வந்தாள். என்னைத் தவிரத் தெருவில் தேறிய இன்னொருவன் அவள் மகன். பட்டமும் வாங்கிக் கள்ளக்குறிச்சியில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். அவள் டம்ளரை முந்தானையில் துடைத்து அப்பாவிடம் நீட்டினாள்.

"என் புள்ள டம்ளரு. பேருக்குப் பின்னாடி பாருண்ணா, பி.ஏ.ன்னு வெட்டியிருக்குது. தரையில போட்டுடாதீங்க."

அப்பாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பெயரைப் படித்தார், பி.ஏ. படித்தார், அதற்குப் பிறகு வெட்டியிருந்த பூவையும் பார்த்தார். எங்கள் பக்கத்தில் பாத்திரத்தில் பேர் வெட்டுகிறவர்கள் பெயரை முடித்தவுடன் ஒரு சின்னப் பூ வெட்டி நிறுத்துவார்கள். அப்பா அதை மற்ற டம்ளர்களோடு வைக்காமல் தனியாக பீரோ மேல் வைத்தார்.

பதினோரு மணி வாக்கில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். இன்னொருவர் ஜவுளிக்கடை பாய். அறக்கட்டளையில் அவர்தான் பெரியவர். தலைமையாசிரியர் உட்கார்ந்ததும் சுற்றிப் பார்த்துக் குறிக்கத் தொடங்கிவிட்டார். பாய் விசிறியின் எதிரில் உட்கார்ந்து அம்மாவுக்கு வணக்கம் சொன்னார்.

"மாடு எவ்ளோ கறக்குது?" என்று கேட்டார் தலைமையாசிரியர்.

அப்பா மாட்டைப் பார்த்தார். மாடும் அவரைப் பார்த்தது. "நல்லா கறக்குதுங்க" என்றார் மாமா. அதே நேரம் மாடு தலையைத் தூக்கிக் கத்தியது. எதிர் வரிசையில் மூன்றாவது வீட்டிலிருந்து அதன் கன்று பதில் கொடுத்தது. மாடு விடாமல் கத்தியது, கன்றும் விடவில்லை. பாய் ஒரு முறை வாசலைப் பார்த்தார், ஒரு முறை எதிர் வரிசையைப் பார்த்தார். தலைமையாசிரியர் அடுத்த கேள்விக்குப் போனார்.

"நெலம்?"

"ஆத்துப் பக்கம் இருக்குதுங்க" என்றார் மாமா. ஆற்றுப் பக்கம் நிலம் இருந்தது உண்மைதான். அப்பா வெட்டுகிற கரும்பெல்லாம் அங்கேதான் விளைந்தது.

டீ வந்தது. அப்பா பீரோ மேலிருந்த டம்ளரைத் தானே எடுத்து, நிரப்பி, பி.ஏ. தெரிகிற மாதிரி திருப்பிப் பாய் கையில் கொடுத்தார். பாய் மெதுவாகக் குடித்தார். குடித்து முடித்து டம்ளரை ஒரு சுற்றுச் சுற்றிப் பெயரைப் படித்தார். பிறகு தலைமையாசிரியரின் டம்ளரைப் பார்த்தார், அப்பா கையிலிருந்ததைப் பார்த்தார், மாமா கையிலிருந்ததையும் பார்த்தார். டம்ளர்கள் அவருக்குப் பிடித்துவிட்டன என்றுதான் நான் நினைத்தேன்.

அவர்கள் போன பிறகு மாமா நாற்காலியில் சாய்ந்து, "முடிஞ்சுது போ. மூணு வருஷமும் அவங்க செலவு" என்றார். சாயங்காலத்துக்குள் தெருக்காரர்கள் அவரவர் சாமானை எடுத்துக்கொண்டு போனார்கள். கடைசியாக மாடு போனது. அம்மா பட்டுச் சேலையை அவிழ்த்து மடித்துக் கொடுத்துவிட்டு வீட்டைக் கூட்டினாள். வெறும் வீடு அன்றைக்கு ரொம்பப் பெரிதாகத் தெரிந்தது.

புதன்கிழமை கள்ளக்குறிச்சிக்கு வரச் சொன்னார்கள். ஒரு அரிசி மண்டியின் மாடியில் அறக்கட்டளைக்கு ஓர் அறை. படிக்கட்டெல்லாம் பையன்களும் பெண்களும் அவர்களோடு வந்தவர்களும். எங்களுக்கு முன்னால் நின்றவர் தன் மகனை வெறுங்காலோடு கூட்டி வந்திருந்தார். பையனின் செருப்பு ரெண்டும் அவர் வைத்திருந்த பைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தன. நான் இரவல் பேன்ட்டும் இரவல் செருப்பும் போட்டிருந்தேன். அந்தப் பையனைப் பார்த்து எனக்குப் பாவமாக இருந்தது.

உள்ளே மேஜைக்குப் பின்னால் ஐந்தாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா கதவோரம் நின்றார். மதிப்பெண்ணைப் பார்த்துத் தலையாட்டினார்கள். தலைமையாசிரியர் எங்கள் வீட்டில் கண்டதை ஒவ்வொன்றாகப் படித்தார். பீரோ, டிவி, விசிறி, மாடு, ஆற்றுப் பக்கம் நிலம். மேஜையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். படித்து முடித்ததும் பாய் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"தம்பி, அன்னிக்கி டீ குடுத்தீங்களே, அந்த டம்ளருங்கல்லாம் யார்து?"

திருட்டுச் சாமான் என்று நினைக்கிறாரா? திரும்பி அப்பாவைப் பார்த்தேன். அவர் மேலே சுழன்ற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க வூட்டுதுங்க."

"எல்லாத்துலயும் வேற வேற பேரு இருந்துச்சே."

"அம்மா கல்யாணத்துக்கு வச்சதுங்க."

சொன்ன பிறகு எனக்கே பெருமையாக இருந்தது. கல்யாணத்துக்குப் பாத்திரம் வைக்கிறவர்கள் தங்கள் பெயரை வெட்டித்தான் வைப்பார்கள். யாரும் மறுக்க முடியாத பதில். பாய் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவசரம் இல்ல. நல்லா யோசிச்சு சொல்லு. யார் வூட்டுதா இருந்தாலும் தப்பில்ல. யார்து?"

"எங்க வூட்டுதுதாங்க."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். கோடி வீட்டு அத்தையின் மகன் வேலை செய்தது அவர் ஜவுளிக்கடையில்தான் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. தன் கடைப் பையனின் பெயரைத் தன் கையிலேயே வைத்துப் படித்தவர். அம்மாவின் கல்யாணத்தின்போது அந்தப் பையன் பள்ளிக்கூடமே போயிருக்கமாட்டான், பி.ஏ. எங்கே? அத்தனை பேர் நடுவில் பாய் அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மத்தியானத்துக்குள் பெயர்களைப் படித்துவிட்டார்கள். செருப்பைப் பையில் வைத்திருந்தவரின் மகன் பெயர் இருந்தது. என் பெயர் இல்லை. பாய் எழுந்து வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரொம்ப இல்லாத புள்ளைங்க ஜாஸ்தி வந்துட்டாங்க இந்த வருஷம். உங்களுக்கு ஓரளவு வசதி இருக்குதுன்னு இவங்கல்லாம் சொல்றாங்க. நீங்க ஏதாச்சும் சொல்றதா இருந்தா சொல்லுங்க. இன்னும் நேரம் இருக்குது."

அப்பா நிலம் வைத்திருக்கிற ஆள் மாதிரியே நிமிர்ந்து, "பரவால்லைங்க பாய். நாங்களே பாத்துக்குறோம். இல்லாத புள்ளைங்களுக்குக் குடுங்க" என்றார்.

கீழே இறங்கி பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்தோம். பாத்திரக்கடை ஒன்றின் எதிரில் அப்பா நின்றார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே போனார். இருந்ததிலேயே சின்ன டம்ளராக ஒன்று எடுத்தார். "பேரு வெட்டணும்" என்றார். கடை வாசலில் ஒருவர் உளியும் சின்னச் சுத்தியலுமாக உட்கார்ந்திருந்தார்.

"யார் பேருங்க?"

"பையன் பேரு. காலேஜு போறான். ஆஸ்டல்ல டம்ளரு மாறிப்போய்டுமாமே."

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. உளிக்காரர் டம்ளரைக் கட்டையில் மாட்டி டிக் டிக்கென்று புள்ளி வைத்து என் பெயரை வெட்டினார். கடைசி எழுத்து முடிந்து பூவுக்கு உளியை நகர்த்தும்போது அப்பா குனிந்தார்.

"பூவக் கொஞ்சம் தள்ளிப் போடுங்க."

"எவ்ளோ தள்ளி?"

அப்பா கட்டைவிரலை டம்ளர்மேல் படுக்கவைத்துக் காட்டினார். "இவ்ளோ."

"நல்லாருக்காதுங்களே. நடுவுல மொட்டையா நிக்கும். ஊர் பேரு எதுனா போடணுமா?"

"ஒண்ணும் வேணாம். எடம் மட்டும் வுடுங்க."

உளிக்காரர் என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். எனக்கும் தெரியவில்லை என்று உதட்டைப் பிதுக்கினேன். ஒரு கட்டைவிரல் இடம் விட்டுப் பூவை வெட்டினார். காசு கொடுத்த பிறகு அப்பா சட்டைப் பையைத் தட்டிப் பார்த்தார். அப்புறம்தான் நடந்தோம்.

ஊர் வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. மாமா வாசலில் காத்திருந்தார். அப்பா இல்லையென்று தலையை ஆட்டியதுமே அவருக்குப் புரிந்துவிட்டது. "ஒரு வேள டிவியில படம் தெரிஞ்சிருந்தா குடுத்திருப்பாங்களோ" என்றார். அம்மா அன்றைக்கு அவருக்குச் சோறு போடவில்லை. அவராகப் போட்டுச் சாப்பிட்டார்.

அம்மா புது டம்ளரில் தண்ணீர் மொண்டு அப்பாவிடம் நீட்டினாள். "அது அவனுது. இதுல குடு" என்று அவர் அலுமினியத்தை எடுத்துக்கொண்டார். "அடுத்த வருஷம் பாத்துக்கலாம். இந்த வெட்டுல கொஞ்சம் ஜாஸ்தியா வேல செஞ்சா ஆச்சு." அம்மா தண்ணீரை அலுமினியத்துக்கு மாற்றி ஊற்றினாள்.

மறுநாள் விடிந்ததும் நான் சர்க்கரை ஆலைப் பக்கம் போனேன். வீட்டில் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான் காரணம். டம்ளரையும் ஒரு சட்டையையும் பையில் போட்டிருந்தேன். ஏன் எடுத்துக்கொண்டேன் என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது. ஆலை வாசலில் வடக்கே போகிற மூட்டை லாரி ஒன்று நின்றிருந்தது. டிரைவருக்கு நடுவயது, கழுத்தில் துண்டு. அவருடைய கிளீனர் பையன் உளுந்தூர்பேட்டையில் டீ வாங்கி வர இறங்கியவன் திரும்பி வரவே இல்லையாம். டீக்கடையில் நின்றவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தார். நான் வருகிறேன் என்றேன்.

"இன்னா படிச்சிருக்க?"

"பிளஸ் டூ."

"அவ்ளோ படிச்சுட்டு இதுக்கு ஏண்டா வர?" என்றார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "வழியில நாங்களே ஆக்கித் தின்றது. தட்டு இருக்குது. டம்ளருதான் அவன் எடுத்துக்கினு ஓடிட்டான். உங்கிட்ட ஒண்ணு இருக்குதா?"

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் சுற்றிப் பார்த்தார்.

"உன்னுதா?"

"என்னுதுதாங்க. பேரு பாருங்க."

பெயரைப் படித்தார். பூ வரைக்கும் விரலால் தடவினார். "எவன்டா இத வெட்னவன்? பேருக்கும் பூவுக்கும் நடுவுல இவ்ளோ எடத்த வீணாக்கி வச்சிருக்கான்" என்றார். "தொழில் தெரியாத ஆளுங்க" என்றேன். அப்போது எனக்கு அப்படித்தான் தோன்றியது. அவர் டம்ளரை சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டு, பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த கட்டையை உருவச் சொன்னார். குனிந்து உருவினேன்.